சுவர் வரியை இன்று கட்டுவது யார்?

மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் சென்னை சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் பேசின் பிரிட்ஜை நெருங்கியதும் வேகம் குறையும். பயணிகள் பெட்டி, பைகளை எடுத்துக்கொண்டு வாசலருகே நிற்கத் தொடங்குவார்கள். நடைமேடை கிடைக்கும்வரை ரயில் அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. அந்தக் காத்திருப்பில் இடப்பக்கம் பார்த்தால், தண்டவாளங்களுக்கு அப்பால் லாரிகளும் சரக்குக் கிடங்குகளும் நெருக்கியடிக்கும் ஒரு சாலை தெற்கு நோக்கிச் செல்வதைக் காணலாம். அரசு ஆவணங்களில் அதற்கு வ.உ.சி. சாலை என்று பெயர். ஆனால் ஆட்டோ ஓட்டுநர் முதல் மொத்த வியாபாரி வரை எல்லோருக்கும் அது ‘வால்டாக்ஸ் ரோடு’தான்.

ஒரே சொல்லாகப் பழகிப்போன இந்தப் பெயருக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன: சுவர், வரி. இந்தச் சாலையையொட்டி ஒரு காலத்தில் நகரத்தின் மேற்கு மதில் நின்றது. அதைக் கட்டிய செலவை மக்களிடமிருந்து வசூலிக்க ஒரு வரி திட்டமிடப்பட்டது. இன்று இந்தச் சாலையில் மதில் இல்லை, வரியும் இல்லை. ஆனால் அதே மதிலின் வடக்குப் பகுதியில் ஒரு துண்டு, பழைய ஜெயில் ரோடு என்று அழைக்கப்படும் இப்ராஹிம் சாகிப் தெருவில், ‘மாடிப்பூங்கா’ என்ற பெயரில் இன்னும் நிற்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள நினைவுச்சின்னம் அது. அந்தத் துண்டைக் காப்பாற்றுவதற்கான விலையை யார் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி இரண்டரை நூற்றாண்டுகளாகத் தீராமல் இருக்கிறது. பாரம்பரியச் சின்னங்கள் பற்றிய சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற குரல்கள் வலுத்துவரும் இன்றைய சூழலில், அந்தக் கேள்வியை வடசென்னையிலிருந்து எழுப்பிப் பார்ப்பது பயன் தரும்.

அச்சத்தில் எழுந்த மதில்

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதராஸ் மூன்று பெரும் அதிர்ச்சிகளைச் சந்தித்தது. 1746-ல் பிரெஞ்சுப் படை நகரத்தைக் கைப்பற்றியது. 1749-ல்தான் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குத் திரும்பியது. புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, இந்திய வணிகர்களும் கைவினைஞர்களும் குடியிருந்த பழைய ‘கறுப்பர் நகரம்’ இந்தக் காலகட்டத்தில்தான் அழிந்தது. கோட்டையைச் சுற்றிப் பீரங்கி சுடுவதற்குத் திறந்த வெளி தேவை என்று கருதி, முதலில் பிரெஞ்சுக்காரர்களும் பின்னர் ஆங்கிலேயர்களும் வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று உயர் நீதிமன்ற வளாகம் இருப்பது அந்த இடத்தில்தான். மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். புதிய கறுப்பர் நகரம் உருவானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றப்பட்டது.

இரண்டாவது அதிர்ச்சி 1758 டிசம்பரில் வந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை இரண்டு மாதங்களுக்கும் மேலாகக் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். பாதுகாப்பின்றி வெளியே கிடந்த கறுப்பர் நகரமோ பிரெஞ்சுப் படையின் கையில் சிக்கிச் சூறையாடப்பட்டது. மூன்றாவது அதிர்ச்சி மைசூரிலிருந்து வந்தது. 1767-ல் மைசூர்க் குதிரைப்படை நகரின் புறப்பகுதிகள் வரை வந்து திரும்பியது. 1769-ல் ஹைதர் அலியே நகரத்தின் வாசலுக்கு வந்து நின்று, கம்பெனியைச் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட வைத்தார்.

கோட்டைக்கு மட்டும் மதில் இருந்தால் போதாது, கம்பெனியின் வணிகத்தைத் தாங்கி நிற்கும் இந்திய நகரத்துக்கும் மதில் வேண்டும் என்ற முடிவு இதன் பிறகே உறுதிப்பட்டது. மேற்கிலும் வடக்கிலும் கொத்தளங்களுடன் கூடிய மதில் எழுந்தது. கிழக்கே கடல், தெற்கே கோட்டையின் திறந்தவெளி. மதில் 1772 வாக்கில் நிறைவுற்றது. அதில் அமைந்த வாயில்கள் தமிழில் ‘கவுனி’ என்று அழைக்கப்பட்டன. யானைக்கவுனி என்ற பெயர் அந்த மதிலிலிருந்து வந்ததே. கவுனி மறைந்துவிட்டது, பெயர் மட்டும் ஒரு வட்டாரத்துக்கும் பாலத்துக்கும் காவல் நிலையத்துக்கும் மிஞ்சியிருக்கிறது.

ஒப்பந்ததாரரின் லாபம், மக்களின் வரி

மதிலைக் கட்டும் ஒப்பந்தம் பால் பென்ஃபீல்டு என்பவருக்குக் கிடைத்தது. இந்தியாவில் காலனி ஆட்சியின் ஊழல் பற்றிப் பேசும் எந்த நூலிலும் தவறாமல் இடம்பெறும் பெயர் இது. கம்பெனியின் பணியாளராக வந்தவர், ஒப்பந்ததாரராக மாறி, ஆர்க்காட்டு நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்தவராக வளர்ந்தார். அந்தக் கடனுக்கு ஈடாகத் தஞ்சை நாட்டின் வருவாய் மீது அவர் உரிமை கோரியது, 1776-ல் மதராஸ் ஆளுநர் பிகட் பிரபு தம் சொந்த ஆலோசனைக் குழுவினராலேயே சிறைபிடிக்கப்பட்ட நிகழ்வின் காரணங்களில் ஒன்றானது. 1785-ல் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைக் குறித்து எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானவர்களில் பென்ஃபீல்டு முதன்மையானவர்.

மதிலின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எழுந்தபோது, மதிலுக்குள் வாழ்பவர்களே ஏற்கட்டும் என்று கம்பெனி நினைத்தது. இது ஆங்கிலேயர்களுக்குப் புதிய யோசனை அல்ல. இடைக்கால இங்கிலாந்தில் நகர மதில்களைக் கட்டவும் பழுதுபார்க்கவும் ‘முரேஜ்’ என்ற தனி வரி இருந்தது. மன்னரின் அனுமதியோடு, நகரத்துக்குள் வரும் சரக்குகள் மீது அது விதிக்கப்பட்டது. ஐரோப்பாவின் இடைக்கால நகரங்களில் இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கும் கோபுரங்களுக்கும் மதில்களுக்கும் பின்னால் இத்தகைய வரிகளின் வரலாறு உண்டு. ஆனால், அங்கே மதில் என்பது ஊராரின் உரிமைக்கும் அடையாளம். வரி கொடுத்தவர்களின் நகரமன்றத்தின் கையில் அதன் பொறுப்பு இருந்தது. மதராஸில் வரி மட்டும் மக்களுக்கு. முடிவெடுக்கும் உரிமை கம்பெனிக்கு.

அந்த வரி கடைசிவரை வசூலிக்கப்படவில்லை என்றே சென்னை வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அத்தகைய வரியை விதிக்கக் கம்பெனிக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்ற ஐயம் எழுந்ததே அதற்குக் காரணம். வசூலாகாத ஒரு வரி, சாலையின் பெயராக மட்டும் நிலைத்துவிட்டது.

போர் காணாத மதில்

இவ்வளவு அச்சத்தில், இவ்வளவு செலவில் எழுந்த மதில் ஒரு முற்றுகையைக்கூடச் சந்திக்கவில்லை. 1780-ல் ஹைதர் அலியின் படை மீண்டும் கர்நாடகப் பகுதிக்குள் பாய்ந்தது. காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனியின் படைப்பிரிவு ஒன்று நொறுக்கப்பட்டது. மதராஸ் நடுங்கியது, ஆனால் மதில்வரை யாரும் வரவில்லை. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு நிலவழி ஆபத்து என்பதே இல்லாமல் போனது. நகரத்தின் மீது அடுத்த தாக்குதல் 1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மானியக் கப்பல் எம்டன் வடிவில் வந்தது. அது வந்தது கடல் வழியாக. அதற்குள் மதிலின் பெரும்பகுதி மறைந்துபோயிருந்தது.

மதிலைக் கரைத்தது எதிரியின் பீரங்கி அல்ல; நகரத்தின் வளர்ச்சி. 1806-ல் நிறைவடைந்த காக்ரேன் கால்வாய், அதாவது பின்னாளைய பக்கிங்ஹாம் கால்வாயின் முதல் பகுதி, எண்ணூரிலிருந்து படகுகளை நகருக்குக் கொண்டுவந்தது. படகுகள் வந்து தங்கும் நீர்த்தேக்கமே ‘பேசின்’. அதன்மேல் அமைந்த பாலத்தின் பெயரே இன்றைய பேசின் பிரிட்ஜ். 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. கால்வாய், ரயில், துறைமுகம் ஆகிய மூன்றும் சேர்ந்து நகரத்தை வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வரை நீட்டியபோது, நடுவில் நின்ற மதில் ஓர் இடையூறாகவே தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது துண்டு துண்டாக இடிக்கப்பட்டது.

பழைய ஜெயில் ரோட்டில் எஞ்சிய துண்டின் மேற்பரப்பை மாநகராட்சி பூங்காவாக்கியது. தரையிலிருந்து படியேறிச் செல்ல வேண்டும் என்பதால் மக்கள் அதை மாடிப்பூங்கா என்றார்கள். கோட்டை கொத்தளத்தை எளிய குடும்பங்கள் மாலைக் காற்று வாங்கும் இடமாக மாற்றிய அந்த யோசனை, பாரம்பரியப் பாதுகாப்பு என்ற சொல்லே பரவலாக இல்லாத காலத்தில் உதித்த நல்ல யோசனை. ஆனால் பல ஆண்டுகளாக அந்த இடத்தைப் பற்றி நாளிதழ்களில் வந்த செய்திகளோ புதர், குப்பை, விரிசல்களில் வேர்விட்ட மரங்கள், பூட்டிய கதவு என்றே திரும்பத் திரும்பச் சொல்லிவந்துள்ளன.

நூறு மீட்டர் சட்டம்

இனி இன்றைய சிக்கலுக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் சட்டம் 2010-ல் கடுமையாகத் திருத்தப்பட்டது. அதன்படி மத்தியப் பாதுகாப்பில் உள்ள ஒவ்வொரு சின்னத்தின் எல்லையிலிருந்தும் 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதிய கட்டுமானம் எதற்கும் அனுமதி இல்லை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்டுவதற்குத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரை தேவை. தடைசெய்யப்பட்ட பகுதியில் இருக்கும் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கலாம். அதற்கும் அனுமதி பெற வேண்டும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட இயலாது.

தாஜ்மகாலைச் சுற்றியோ மாமல்லபுரத்தைச் சுற்றியோ இத்தகைய விதி தேவை என்பதில் ஐயமில்லை. திறந்த வெளியில் நிற்கும் கோயிலுக்கும் குன்றுக்கும் அது பொருந்தும். ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையும் ஜார்ஜ் டவுனும் சந்திக்கும் இடத்தில் 100 மீட்டர் என்பது எத்தனை வீடுகள், எத்தனை குடும்பங்கள் என்பதை அந்தத் தெருக்களில் ஒருமுறை நடந்தவர்கள் அறிவார்கள். பத்தடி அகலத்தில் அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் வீடுகள். மூன்று தலைமுறைகளாகப் பாகப்பிரிவினை ஆகிச் சுருங்கிய மனைகள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, காரை உதிரும் கூரைகள். அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்காரர் தம் வீட்டைச் சட்டப்படி இடித்துக் கட்ட முடியாது. கட்ட முடியாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. விற்றாலும் உரிய விலை வராது. எஞ்சுவது இரண்டு வழிகள்: இடியும் வீட்டில் தொடர்ந்து வாழ்வது, அல்லது அனுமதியின்றிக் கட்டிவிட்டு அஞ்சி அஞ்சி வாழ்வது.

1773-ல் கம்பெனி, கோட்டைக்கு வெளியே கட்டடங்கள் எழக் கூடாத திறந்தவெளியின் எல்லையைக் குறிக்க ஆறு தூண்களை நட்டது. அவற்றில் ஒன்று இன்றும் பாரிமுனையில் உள்ள டேர் ஹவுஸ் வளாகத்தில் இருக்கிறது. ‘இதற்கு மேல் கட்டாதே’ என்ற எல்லைக்கோடு அன்று போருக்காகப் போடப்பட்டது. இன்று பாரம்பரியத்துக்காகப் போடப்படுகிறது. நோக்கம் உயர்ந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் கோட்டுக்கு உள்ளே அகப்பட்டவர்களைக் கலந்துபேசாமல் கோடு போடும் முறை மட்டும் மாறவில்லை.

வால்டாக்ஸ் சாலையில் வசூலாகாத சுவர் வரி, இன்று வேறு வடிவில் வசூலாகிறது என்று சொன்னால் மிகையாகாது. நாடு முழுமைக்கும் உரிய ஒரு சின்னத்தைக் காக்கும் செலவில் பெரும்பங்கை, அதன் நிழலில் வாழ நேர்ந்த சில நூறு குடும்பங்கள் தங்கள் மனை மதிப்பாலும் வசிப்பிடப் பாதுகாப்பாலும் செலுத்துகின்றன. அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைப்பது என்ன? பராமரிப்பற்ற ஒரு மதிலும், அதைச் சுற்றிய குப்பையும்தான் என்றால், அந்த மதிலை அவர்கள் நேசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

பட்டியலிலிருந்து நீக்குவது தீர்வா?

இந்தச் சிக்கலுக்கு எளிய விடை ஒன்று முன்வைக்கப்படுகிறது. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2023-ல் வெளியிட்ட அறிக்கை, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை எனப் பட்டியலிடப்பட்டுள்ள ஏறத்தாழ 3,700 சின்னங்களில் பலவற்றுக்கு உண்மையில் அத்தகைய முக்கியத்துவம் இல்லை என்று வாதிட்டது. காலனிய அதிகாரிகளின் கல்லறைகளும் சிறு கட்டுமானங்களும் விடுதலைக்கு முந்தைய பட்டியலிலிருந்து அப்படியே தொடர்வதை அது சுட்டிக்காட்டியது. 2024-ல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் நடவடிக்கையும் தொடங்கியது. சென்னையிலும் இதே குரல் ஒலித்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள டேவிட் யேல், ஜோசப் ஹின்மர் கல்லறையை வேறிடத்துக்கு மாற்றுமாறு 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். அந்த வழக்கின் முடிவு எதுவாயினும், அதன் மையத்தில் இருந்தது இதே 100 மீட்டர் தடைதான்.

பட்டியல் மறுபரிசீலனைக்கு உரியது என்பதில் நியாயம் இருக்கிறது. 2013-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆய்வுசெய்தபோது, பட்டியலில் உள்ள 92 சின்னங்களைக் காணவே முடியவில்லை என்று தெரியவந்தது. காணாமல் போனவற்றையும் காப்பதாகக் காகிதத்தில் எழுதிவைப்பது பாதுகாப்பு ஆகாது. ஆனால் ‘இது ஆங்கிலேயர் கட்டியது, ஆகவே நமக்குத் தேவையில்லை’ என்ற வாதம் இந்த மதிலுக்குப் பொருந்துமா என்று யோசிக்க வேண்டும்.

இது வெள்ளையர் நகரத்தின் மதில் அல்ல. வெள்ளையர் நகரம் கோட்டைக்குள் இருந்தது. இது கறுப்பர் நகரத்தின் மதில். துணி வணிகர்களும் துபாஷிகளும் நெசவாளர்களும் கூலித் தொழிலாளர்களும் வாழ்ந்த தெருக்களின் எல்லை. கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் பெயரைச் சுமக்கும் வண்ணாரப்பேட்டை, இந்த மதிலுக்கு வடக்கே, அதன் பாதுகாப்புக்கு வெளியே அமைந்தது. துணியை விற்றவருக்கு மதிலுக்குள் இடம். வெளுத்தவருக்கு மதிலுக்கு வெளியே இடம். சென்னையில் யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வியின் பழைய சாட்சி இந்தச் செங்கல்தான். அதை இடித்துவிட்டால், வடசென்னைக்கு வரலாறே இல்லை. வெறும் தொழிற்சாலைகளும் கிடங்குகளும்தான் இருந்தன என்ற பொய் இன்னும் வலுப்பெறும்.

மற்ற ஊர்கள் செய்தது

மதில்களை இழந்த ஊர்களும், காத்த ஊர்களும் நமக்குப் பாடமாக இருக்கின்றன. மதுரையில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்சியர் பிளாக்பர்ன் நாயக்கர் காலக் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரத்தை விரித்தார். அந்தப் பணியில் ஈடுபட்டவர்களின் நினைவாகப் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் பெயர்களாக நிற்கின்றன. மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, இடிக்காமல் விட்டதால் ‘விட்டவாசல்’ என்று பெயர் பெற்ற பழைய வாயில் ஒன்று மட்டும் மிஞ்சியது. மதுரை விரிந்ததில் குறையில்லை. ஆனால் கோட்டை எப்படி இருந்தது என்பதை இன்று வரைபடத்தில்தான் காட்ட வேண்டியுள்ளது.

தரங்கம்பாடி வேறு வழியில் சென்றது. 1620-ல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டையும், 1792ஆம் ஆண்டைச் சேர்ந்த நகர வாயிலும் சீரமைக்கப்பட்டு, அந்தச் சிறு கடற்கரை ஊரின் அடையாளமாகவும் வருமானமாகவும் ஆகியிருக்கின்றன. இலங்கையின் காலி நகரில் ஒல்லாந்தர் கோட்டை 1988-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தக் கோட்டைக்குள் பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் வீடுகளும் இயங்குகின்றன. மாலையில் மதில்மேல் நடப்பது ஊராரின் வழக்கம். பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் மனிதர்கள் அகற்றப்பட்ட இடம் என்று பொருளல்ல என்பதை காலி காட்டுகிறது.

இங்கிலாந்தின் யார்க் நகரத்தின் கதை இன்னும் நெருக்கமானது. இடைக்காலக் கோபுரங்களும் வாயில்களும் கொண்ட அதன் மதிலை இடிக்க 1800-ல் நகர நிர்வாகமே முனைந்தது. பழுதுபார்க்கும் செலவு, போக்குவரத்துக்கு இடையூறு என்று நமக்குப் பழக்கமான அதே காரணங்களே அங்கும் சொல்லப்பட்டன. சில பகுதிகள் இடிக்கவும்பட்டன. எதிர்ப்பு எழுந்ததால் பெரும்பகுதி தப்பியது. இன்று சுமார் 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு யாரும் கட்டணமின்றி அந்த மதில்மேல் நடக்கலாம். யார்க்கின் மதில் காப்பாற்றப்பட்டதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. அது அன்றாடம் மக்கள் கால்பட்ட இடமாக மாறியதே முதன்மையான காரணம்.

செய்ய வேண்டியவை

தடை ஒன்றையே பாதுகாப்பாகக் கருதும் போக்குக்கும், தொல்லை தாங்காமல் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும் போக்குக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதற்குத் தேவையானவை பெரும்பாலும் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றன.

முதலாவது, 2010ஆம் ஆண்டின் திருத்தமே ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாகப் பாரம்பரியத் துணைவிதிகள் வகுக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. பழைய நகர மதிலைப் போல நெருக்கடியான குடியிருப்பில் நிற்கும் சின்னத்துக்கு, எத்தனை உயரம், எத்தகைய முகப்பு, அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று தெருவுக்குத் தெரு வரையறுத்த விதிகள் வேண்டும். தடைப் பகுதியின் 100 மீட்டர் அளவையே சின்னத்தின் தன்மைக்கேற்ப மாற்றிக்கொள்ள நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். 2018-ல் மக்களவையில் நிறைவேறிய திருத்த மசோதா, அரசின் பெரிய திட்டங்களுக்கு விலக்கு அளிப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. பத்தடி வீட்டுக்காரருக்குக் கிடைக்காத விலக்கு பெரிய திட்டங்களுக்கு மட்டும் கிடைப்பது சட்டத்தின் நோக்கத்தையே தலைகீழாக்கிவிடும்.

இரண்டாவது, இழப்பீடு. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் கொடுப்பவர்களுக்கு வேறிடத்தில் கூடுதல் தளப்பரப்பு அளிக்கும் மேம்பாட்டு உரிமைப் பரிமாற்ற முறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பாரம்பரியத் தடையால் கட்டும் உரிமையை இழப்பவர்களுக்கும் அந்த உரிமையை விற்றுப் பணமாக்கிக்கொள்ளும் வாய்ப்பை எளிய நடைமுறையில் வழங்க வேண்டும். கையில் ஆவணங்களோடு பல அலுவலகங்களுக்கு அலைய வசதியற்ற குடும்பங்களுக்காக, மண்டல அலுவலகத்திலேயே ஒற்றைச் சாளரம் வேண்டும்.

மூன்றாவது, மாடிப்பூங்கா மீண்டும் முழுமையாக மக்களுக்குத் திறந்த பூங்காவாக இயங்க வேண்டும். மதிலைக் காப்பது தொல்லியல் துறை, பூங்காவைப் பராமரிப்பது மாநகராட்சி என்று பொறுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும்போது, எதுவும் யாருடைய பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுகிறது. இரு அமைப்புகளும் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் செய்துகொண்டு, அன்றாடப் பராமரிப்பை ஒரே கையில் ஒப்படைக்க வேண்டும். அருகில் ஸ்டான்லி மருத்துவமனையும் பாரதி மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. அந்தக் கல்லூரியின் வரலாற்று மாணவிகளே இந்த மதிலின் வழிகாட்டிகளாக ஏன் இருக்கக் கூடாது?

நான்காவது, நிதி. 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கிவைக்கப்பட்டபோது அதன் மதிப்பு ரூ.4,181 கோடியாக உயர்ந்திருந்தது. தங்கசாலையிலிருந்து இந்த மதில் நடந்து செல்லும் தூரம்தான். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், பள்ளி, மருத்துவமனை ஆகியவையே அந்தத் திட்டத்தில் முன்னுரிமை பெற வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தப் பெருந்தொகையில் மிகச் சிறு பங்கு இருந்தால், ராயபுரம் ரயில் நிலையம், பழைய மதில், யானைக்கவுனி, பாரிமுனைத் தூண் ஆகியவற்றை இணைத்து ஒரு பாரம்பரிய நடைபாதையை உருவாக்கிவிடலாம். 2019-லும் 2021-லும் மெட்ரோ ரயில் வடசென்னைக்குள் நீண்ட பிறகு, நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் அங்கே வருவது எளிதாகியிருக்கிறது.

ஐந்தாவது, மாநில அரசின் பொறுப்பு. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டு, பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமலேயே கிடந்தது. மத்தியப் பட்டியலில் இல்லாத வடசென்னைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறைவதைத் தடுக்க, அந்த ஆணையம் அதிகாரத்தோடும் வல்லுநர்களோடும் இயங்க வேண்டும். மயிலாப்பூருக்கும் மாமல்லபுரத்துக்கும் காட்டும் அக்கறை பேசின் பாலத்துக்கு வடக்கேயும் நீள வேண்டும்.

மதிலும் மனிதரும்

பாரம்பரியம் என்பது எல்லோருக்கும் உரியது என்று சொல்வது எளிது. எல்லோருக்கும் உரியதன் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வதுதான் கடினம். 18ஆம் நூற்றாண்டில் கம்பெனி, தன் வணிகத்தைக் காக்கும் மதிலுக்கான செலவை மக்கள் தலையில் கட்டப் பார்த்தது. சட்டத்தில் இடமில்லை என்ற ஐயமே அன்று மக்களைக் காப்பாற்றியது. குடியரசான பிறகு நாம் இயற்றிய சட்டமோ, அந்த ஐயத்துக்கே இடம் வைக்காமல், அதே மக்களிடம் வேறு பெயரில் அந்தச் செலவை வசூலிக்கிறது.

அடுத்த முறை ரயில் பேசின் பிரிட்ஜில் நிற்கும்போது, வால்டாக்ஸ் சாலையின் பெயரை நினைவுகூரலாம். சுவரைக் காக்க வேண்டும். அதில் சமரசம் வேண்டாம். வரியை மட்டும் அந்தத் தெருவில் வாழ்பவர்கள் தனியே கட்ட விடக் கூடாது.